ஆறவைக்காத இருபது கம்ப்யூட்டர்கள்

ஆஸ்திரேலியாவின் பிளாக்டவுனில் ஒரு தகரக் கொட்டகையில் எங்கள் கம்பெனி பர்சனல் கம்ப்யூட்டர்களைப் பாகம் பாகமாகப் பொருத்தி விற்றது. மொத்தம் ஒன்பது பேர். கோயம்புத்தூரில் படித்துவிட்டு வந்த எனக்கு அங்கேதான் முதல் வேலை. ஒவ்வொரு கம்ப்யூட்டரையும் ஒரு நாள் முழுக்க ஓடவிட்டு, அணைத்து ஆறவைத்து, மறுநாளும் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். பிறகு மூடியின் உட்பக்கத்தில் என் கையெழுத்து.

ஒரு பள்ளிக்கூடத்துக்கு இருபது கம்ப்யூட்டர்கள் அவசரமாகப் போக வேண்டியிருந்தது. எல்லாம் நன்றாகத்தானே ஓடுகின்றன என்று மறுநாள் சோதனையை விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டே வாரத்தில் ஆறு கம்ப்யூட்டர்கள் நின்றுபோயின. திருப்பி அனுப்பிய ஒன்றை, பக்கத்து மேசையில் வேலை செய்த யாழ்ப்பாணத்து அக்கா திறந்தார். சிப் ஒன்றைக் கட்டைவிரலால் அழுத்தினார். ‘டக்’கென்று உட்கார்ந்தது. கம்ப்யூட்டர் ஓடியது. சூடாகி ஆறும்போது சில சிப்புகள் குழியிலிருந்து மெல்ல எழும்பிவிடும். அதைப் பிடிக்கத்தான் அந்த இரண்டாம் நாள்.

“நீர் இதை ஆறவிட்டுத் திருப்பி ஓடவிட்டுப் பாத்தனீரோ?”

“இல்லக்கா.”

“அப்ப போய்ச் சொல்லும். நானும் வாறன்.”

முதலாளி ஆஸ்திரேலியர். தானும் எங்களோடு உட்கார்ந்து சாலிடர் வைத்துப் பற்றவைப்பவர். வேலை போய்விடும் என்ற பயத்தோடு எல்லாவற்றையும் சொன்னேன்.

“உன்னை அவசரப்படுத்தியது யார்?” என்று கேட்டார்.

“நீங்கள்தான்” என்றார் அக்கா.

முதலாளி தலையசைத்துவிட்டுக் கார்ச் சாவியை எடுத்தார். மூன்று பேரும் பள்ளிக்கூடம் போய் எல்லா மூடிகளையும் கழற்றி, ஒவ்வொரு சிப்பாக அழுத்தினோம். தலைமையாசிரியையிடம், “சோதனையை நாங்கள் முடிக்கவில்லை. தவறு எங்களுடையது” என்று முதலாளியே சொன்னார். என்னைக் கைகாட்டவில்லை; என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையில் ஸ்க்ரூ டிரைவரோடு கண் கலங்கி நின்றேன்.

மறுநாள் சோதனை மேசைக்கு மேலே ஒரு தாள் ஒட்டியிருந்தது: ‘இங்கே யாரும் அவசரப்படுத்தக் கூடாது, முதலாளி உட்பட.’ எழுதியவர் அவர்தான்.

பெரிய கம்பெனி ஒன்று கூப்பிட்டபோதும் எனக்குப் போகத் தோன்றவில்லை. ஏழு வருஷம் இருந்தேன். பிறகு மலிவான கம்ப்யூட்டர்கள் வந்து குவிய, கம்பெனி மூடப்பட்டது. கடைசி நாளன்று வாசலில் அடுப்பை வைத்து முதலாளியே எல்லாருக்கும் இறைச்சி சுட்டுக் கொடுத்தார். அன்று வெள்ளிக்கிழமை. அக்காவுக்கும் எனக்கும் தனித் தட்டில் சோளமும் காளானும் வைத்திருந்தார்.