வீட்டு ஆள் உட்காரும் மிஷின்

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று மாமனார் என் முகத்தைவிடக் கையைத்தான் அதிகம் பார்த்தார். காபி டம்ளரை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "கைய இப்டி நீட்டும்மா" என்றார். நீட்டினேன். புரட்டிப் பார்த்தார். "நல்ல நீட்டு விரலு. நம்ம ஊட்டுக்குத் தோதான பொண்ணு." ரேகை பார்க்கத் தெரிந்தவர் போலிருக்கிறது என்று என் அம்மா பூரித்துப்போனாள். மாமியார் வலது கையை முந்தானைக்குள் வைத்தபடியே கடைசிவரை உட்கார்ந்திருந்தார். வெட்கப்படும் வயதா இது என்று மனசுக்குள் கிண்டல் செய்துகொண்டேன்.

நான் ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அப்பாவுக்கு ராணுவத் தளவாட ஃபாக்டரியில் வேலை. மாதம் பிறந்தால் சம்பளம் வரும் மனிதருக்கு, சொந்தத் தொழில் செய்கிறவர்கள் மேல் தீராத மயக்கம். "அங்க போனா நீ முதலாளியம்மா" என்று சொல்லித்தான் என்னைக் கள்ளிக்குப்பத்துக்குக் கட்டிக்கொடுத்தார். முதலாளியம்மா என்றால் என்னவென்று அடுத்த மாதமே தெரிந்துவிட்டது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் ஷெட். இரும்புத் தகட்டை அழுத்தி வளைத்து, வண்டிகளுக்கான கிளாம்பு செய்து கொடுப்போம். நான்கு பவர் பிரஸ். மூன்றில் சம்பள ஆட்கள். அந்த மூன்றிலும், இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை அழுத்தினால்தான் மேல்பாகம் இறங்கும். கை உள்ளே இருக்க வழியே இல்லை. நான்காவது, மாமனார் முதன்முதலில் வாங்கிய பழைய மிஷின். அதற்குப் பொத்தான் கிடையாது, காலால் மிதிக்கும் பெடல். கையால் தகட்டை உள்ளே வைக்க வேண்டும், கையை எடுக்க வேண்டும், மிதிக்க வேண்டும். கொஞ்சம் முன்பின் ஆனால் தொலைந்தது. அதில் வீட்டு ஆட்கள் மட்டும்தான் உட்காரலாம் என்பது எங்கள் குடும்பத்துக் கட்டுப்பாடு.

"வெளி ஆளுக்கு விரல் போச்சுன்னா கேசு, பாவம் வேற. நம்ம ஆளுன்னா இன்னா, நம்ம ஊட்டு மிஷினு" என்பார் மாமனார். இதைப் பெரிய தர்மம் போல எல்லாரிடமும் சொல்வார். கேட்கிறவர்களும் தலையாட்டுவார்கள்.

நானும் உட்கார்ந்தேன். சொல்லிக்கொடுத்தவர் மாமியார். முதலில் என் மோதிரத்தையும் வளையல்களையும் கழற்றச் சொன்னார். அன்றுதான் அவர் வலது கை முந்தானையை விட்டு வெளியே வந்தது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதியோடு நின்றன.

"யாரு பேச்சு கொடுத்தாலும் பதில் சொல்லாத. நான் ஒருநாள் பதில் சொன்னேன், அதான் இப்டி" என்றார்.

தொழிலைப் பெரிதாக்கியவர் என் கணவர். அலைந்து திரிந்து புதுப்புது ஆர்டர் பிடித்தார். கூடவே மிஷினிலும் உட்கார்ந்தார். ஒரு நாள் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கஸ்டமரோடு பேசிக்கொண்டே மிதித்தார். இடது சுண்டுவிரல் போனது. கையில் கட்டோடு வந்து அன்று சாயங்காலமே லோடு ஏற்றி அனுப்பினார். தொழில்முனைவோர் கூட்டங்களில் மேடை ஏறினால் இன்றைக்கும் இந்தக் கதைதான். கைதட்டு ஓய நேரமாகும். நான் ஒரு தடவைகூடத் தட்டியதில்லை.

அந்த மிஷினுக்கும் பொத்தான் போடுங்கள் என்று கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். "நம்ம மிஷினுக்கு எதுக்கு? நாமதான உக்கார்றோம்." அப்பனும் பிள்ளையும் ஒரே பதில். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஊரான் விரலுக்கு இருக்கிற மரியாதை பெற்ற பிள்ளையின் விரலுக்கு இல்லையா என்று ஒருமுறை சாப்பாட்டு நேரத்தில் கத்தினேன். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மாமியார் மட்டும் எனக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தார்.

மகளை அந்த ஷெட் பக்கமே விடாமல் வளர்த்தேன். மெக்கானிக்கல் படித்தாள், ஆனாலும் ஐ.டி. வேலைக்குப் போனாள். கீபோர்டு தட்டுகிற விரலுக்கு ஒன்றும் ஆகாது என்று நிம்மதியாக இருந்தேன். இப்போது அந்த வேலையை விட்டுவிட்டு வந்து நிற்கிறாள். எலக்ட்ரிக் ஸ்கூட்டருக்கு பேட்டரியைத் தாங்கும் சட்டம் செய்யப்போகிறாளாம். தன் பெயரில் கம்பெனி, இடம் மட்டும் எங்கள் ஷெட். முதல் ஆர்டரும் கையில் இருக்கிறது. அவளுடைய தடித்த தகட்டை வளைக்கும் பலம் பழைய மிஷினுக்குத்தான் உண்டு. அதில் வேறு ஆள் உட்காரக் கூடாது. மகள் தானே உட்காருகிறேன் என்றதும் என் கணவருக்கு ஆனந்தத்தில் கண் கலங்கிவிட்டது.

"பொத்தான் போட்டுட்டு ஓட்டு" என்றேன்.

"அதுக்கு மிஷின நிறுத்தணும்மா. ஆர்டர் கைய விட்டுப் போயிடும். புது மிஷின் வர்ற வரைக்கும்தான். அப்பா சமாளிக்கலையா?"

சமாளித்தாராம். அந்தச் சுண்டுவிரலைப் பார்த்து வளர்ந்த பெண் சொல்கிறாள்.

நேற்று ஆயுத பூஜை. வழக்கம்போல முதல் பொட்டு பழைய மிஷினுக்கு. பூசணிக்காய் உடைத்த குங்குமம் ஷெட் வாசலில் சிவப்பாகச் சிதறிக் கிடந்தது. மாமனார் பேத்தியைக் கூப்பிட்டார். "கைய நீட்டும்மா." நீட்டினாள். புரட்டிப் பார்த்தார். "நல்ல நீட்டு விரலு" என்றார்.

மாமியாரின் கை முந்தானைக்குள் போனதை நான் மட்டும்தான் பார்த்தேன். பாய்ந்து மகளின் கையை இழுத்துக்கொண்டேன். எல்லாரும் சிரித்தார்கள். "இன்னாம்மா நீ" என்று மகளும் சிரித்தாள். என் பிடியிலிருந்து கையை உருவி, தாத்தாவிடம் மறுபடியும் நீட்டினாள்.

இன்று விஜயதசமி, நல்ல நாள். முதல் தகட்டை இன்றே அழுத்த வேண்டுமாம். காலையிலேயே மோதிரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு அப்பாவோடு வண்டியில் போய்விட்டாள். இதோ நானும் கிளம்புகிறேன். அவள் பக்கத்தில் நின்று, யார் பேச்சு கொடுத்தாலும் பதில் சொல்லாதே என்று சொல்ல வேண்டும்.