ஐஸ் தண்ணீரில் காணாமல் போன துடிப்பு

பெசன்ட் நகரில் நானும் மனைவியும் மீன் கடை வைத்திருக்கிறோம். மகள் வாங்கித் தந்த ஸ்மார்ட் வாட்ச்சோடு ஐஸ் தண்ணீரில் மீன் அலசினேன். கையை எடுத்துப் பார்த்தால், இதயத்துடிப்பு காட்டும் இடத்தில் வெறும் கோடுகள். நெஞ்சில்தான் கோளாறோ என்று பயம். வெளியே சொல்லக் கூச்சம்.

"இன்னாய்யா, மூஞ்சே செத்துப் போச்சு?" என்றாள் மனைவி. நான் விஷயத்தைச் சொன்னதும் வாட்ச்சை வாங்கித் தன் கையில் கட்டினாள். துடிப்பு சரியாகக் காட்டியது. என் பயம் கூடியது. ஆனாலும் ஒரு சந்தேகம். "நீயும் ஐஸ்ல கை வுடு" என்றேன். கொஞ்ச நேரத்தில் அவளுக்கும் கோடுகள்!

"ரெண்டு பேரும் போய்ட்டோமா? அப்ப மீனை யாரு விக்கிறது?" என்று சிரித்தாள்.

கை விறைத்தால் தோலில் ரத்த ஓட்டம் குறைந்து வாட்ச் தடுமாறும் என்று மகள் விளக்கினாள். இப்போது கை சூடான பிறகே துடிப்பைப் பார்க்கிறேன். அப்போதும் கோடு வந்தால், கூச்சப்படாமல் டாக்டரிடம் போவேன்.