மலை குளிக்கப் போன கவிதை

சங்கராபுரம் நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் வாசகர் கூட்டம் நடக்கும். ஒருமுறை நான் எழுதிய கவிதையை அங்கே படித்தேன். கல்வராயன் மலை ஒரு நாள் எழுந்து நடந்து, எங்கள் ஊர் வழியாகத் திருக்கோவிலூர் போய் ஆற்றில் குளித்துவிட்டு, ஈரத்தோடு திரும்புகிறது. அவ்வளவுதான் கவிதை. வேடிக்கையாக எழுதியது.

"வர்ற வழியில எங்க கரும்ப மிதிச்சிட்டா இன்னாங்க பண்றது?" என்று ஒரு விவசாயி கேட்டார்.

"மலைக்கு எத்தினி டிக்கெட்டு போடறது?" என்றார் ஒரு பஸ் கண்டக்டர். எல்லோரும் சிரித்தோம்.

மகளுக்குப் புத்தகம் எடுக்க வந்த ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. பெயர் லட்சுமி. மலையில் பிறந்து, கல்யாணமாகி இங்கே வந்தவர்.

"அது மெய்யாலுமே எறங்கி வந்திருந்தா எங்கம்மா பொழச்சிருக்குங்க," என்றார். "அப்ப ரோடு இல்ல. தூளி கட்டித் தூக்கிக்கினு வந்தோம். பாதி வழியிலயே உசுரு போயிடுச்சி."

நான் தாளை மடித்தேன்.

"ஏங்க மடிக்கிறீங்க? இன்னொரு தபா படிங்க," என்றார் அவர்.

படித்தேன். மலை ஊருக்குள் நுழையும் வரியில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இங்க ஆஸ்பத்திரியாண்ட கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போவட்டுங்க."

அங்கேயே எழுதிச் சேர்த்தேன். அந்தக் கவிதையில் பிறர் நினைவில் வைத்திருப்பது அந்த ஒரு வரியைத்தான். நன்றாக எழுதியிருப்பதாகச் சொல்பவர்களிடம், அது என்னுடையதல்ல என்று சொல்லிவிடுகிறேன்.