வில்லுக்குக் காயவைத்த மூங்கில்

அடுப்பில் மூங்கில் வெடித்த சத்தம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. ஆண்டிமடத்துக்கு அருகே நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில், என் நாத்தனாரைப் பெண் பார்க்க வந்த நாள் அது. தண்ணீர்க் குடத்தோடு சமையல்கட்டுக்குள் வந்த நான் அப்படியே நின்றுவிட்டேன். அவள் வில் செய்வதற்கென்று வைத்திருந்த மூங்கில் முழுவதும் எரிந்துகொண்டிருந்தது.

கல்லூரியில் அவள் வில்வித்தைப் போட்டிகளுக்குப் போய்க்கொண்டிருந்தாள். கடையில் வில் வாங்க வழியில்லாததால் தானே செய்துகொள்வாள். முந்திரிக் கொல்லை வேலியோரப் புதரில் துளையில்லாத கெட்டி மூங்கிலாகத் தேடி, பூச்சி அரிக்காமல் இருக்கத் தேய்பிறையில் வெட்டுவாள். பிளந்து, வெடிக்காதிருக்க முனைகளில் மெழுகு பூசி, மாட்டுக்கொட்டகைக்குள் நிழலில் உயரக் கட்டிவைப்பாள். கோணிக்கொள்ளாமல் இருக்க அவ்வப்போது திருப்பிக் கட்டுவாள். ஒரு வருஷம் அப்படிக் காய்ந்தவை அவை. கடைசி ஆண்டுப் போட்டிக்கு அவற்றைத்தான் நம்பியிருந்தாள். அடுப்பெதிரே உட்கார்ந்து அவற்றை உள்ளே தள்ளிக்கொண்டிருந்த மாமனாருக்கும் அது தெரியும்.

"ஏன் மாமா, இதையா எடுத்தீங்க?"

"நல்லா காஞ்சிருந்துச்சு. கட்டிக்கிட்டுப் போறவளுக்கு வில்லு எதுக்கு?"

கொல்லையில் முந்திரி விறகு அடுக்கடுக்காகக் கிடந்தது. வேண்டுமென்றேதான் செய்திருக்கிறார்.

பஸ் இறங்கி வந்த நாத்தனார் அடுப்பைப் பார்த்தாள். அழவில்லை. புடவைகூடக் கட்டாமல், கல்லூரிக்குப் போட்டுப் போன சுடிதாரோடு காப்பித் தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். எல்லோருக்கும் கொடுத்துவிட்டு மாப்பிள்ளையின் அம்மாவிடம் சொன்னாள்: "குடிங்க அத்தை. என் வில்லை எரிச்சுப் போட்ட காப்பி. என்னைக் கேக்காம எரிச்சுட்டாங்க. என்னைக் கேக்காமத்தான் உங்களையும் வரச் சொல்லியிருக்காங்க."

மாப்பிள்ளையின் அம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். அவர்கள் கார் கிளம்பியதும் மாமனார் கையை ஓங்கினார். நான் குறுக்கே போய் நின்றேன். அடி என் தோளில் விழுந்தது.

அடுத்த தேய்பிறையில் நானும் அவளோடு போய் வெட்டினேன். இந்த முறை கொட்டகையில் கட்டவில்லை. கூடத்தில், மாமனாரின் கட்டிலுக்கு நேர் மேலே, உத்தரத்தில் கட்டினோம். அவர் தொடவில்லை. ஆனால் அவை காய்வதற்குள் போட்டி போய்விட்டது, படிப்பும் முடிந்துவிட்டது. இப்போது பெரம்பலூரில் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருக்கிறாள். வில்லை மட்டும் தொடுவதில்லை.

"நாலு குச்சிக்காக நல்ல சம்பந்தத்தைக் கெடுத்துக்கிட்டா" என்று உறவுக்காரர்கள் இன்னும் பேசுகிறார்கள். நாலு குச்சியாம்!

படுக்கையில் விழுந்த பிறகு மாமனார் ஒருநாள் கேட்டார்: "இன்னுமாம்மா என் மேல கோவம்?"

"ஆமா மாமா" என்றேன், கஞ்சியை ஆற்றிக்கொண்டே.