கலினாவின் ஆறாவது சட்டை

பூன் லேயில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போகும்போதெல்லாம் ரயிலில் தூங்கிவிடுவது என் வழக்கம். போன சனிக்கிழமை குவீன்ஸ்டவுன் தாண்டும்போது ஒரு வாசனை வந்து எழுப்பிவிட்டது. தலைக்குப் பூசும் ஜெல்லும் ஸ்பிரேயும் கலந்த வாசனை. கண்ணைத் திறந்தால் எதிரே பள்ளிப் பெண்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி இழுத்துக் கட்டிய கொண்டை, இமையில் மினுக்கு, தோளில் வளையம் வைக்கும் வட்டப் பை. ஐந்து பேர் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆறாவதாக ஒரு தமிழ்ப் பெண், சற்றுத் தள்ளி, எல்லோருடைய தண்ணீர்ப் போத்தல்களையும் சுமந்துகொண்டு நின்றாள். அவளுக்கும் அதே கொண்டை, அதே மினுக்கு.

"நீ ரிசர்வாம்மா?" என்று கேட்டுவிட்டேன். என் வாய் அப்படி.

"ஆமா ஆன்ட்டி. எப்படித் தெரியும்?"

கலினா சொல்லித் தெரியும். ஆனால் அதை ஓடும் ரயிலில் அந்தப் பெண்ணிடம் எங்கிருந்து தொடங்குவது? உங்களிடம் சொல்கிறேன்.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. லிட்டில் இந்தியாவில் ஒரு பூக்கடையின் மாடியில், ஸ்டெல்லா அக்காவின் தையல்கடையில் வேலை. பரதநாட்டிய உடைகள், கல்யாண ரவிக்கைகள், கிறிஸ்துமஸ் நெருங்கினால் தேவாலயப் பாடகர் குழுவுக்கு அங்கிகள். கீழேயிருந்து மல்லிகை வாசனையும், பக்கத்து மாவு மில்லின் மிளகாய் நெடியும் ஒன்றாகப் படியேறி வரும். பாதி நாள் தும்மிக்கொண்டேதான் தைப்போம்.

அக்கா ஞாயிற்றுக்கிழமைப் பூசையைத் தவறவிடாதவர். தையல் மெஷினுக்கு மேலே மாதா படம் இருக்கும். ஆனால் எந்த ஆட்ட உடையும் கடையை விட்டு இறங்குவதற்கு முன், கையிடுக்குப் பக்கமாக, கண்ணுக்குத் தெரியாத ஓரத்தில் ஒரு கறுப்பு மணியைத் தைத்துவிடுவார். கண்திருஷ்டிக்காக. "மாதா பாத்துக்க மாட்டாங்களாக்கா?" என்று சீண்டினால், "அவங்களுக்கு எவ்வளவு வேலை இருக்கும். நாமளும் கொஞ்சம் ஹெல்ப் பண்ணணும் லா" என்பார்.

அந்தக் கடைக்குத்தான் கலினா வந்தாள். பல்கேரியாக்காரி. இங்கே பிள்ளைகளுக்கு, வளையமும் பந்தும் வீசிப் பிடித்து ஆடும் ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். கீழே பூக்கடையில் யாரோ எங்கள் கடையைக் கைகாட்டியிருக்கிறார்கள். கையில் ஒரு படம்: உடம்போடு ஒட்டிய சிவப்புச் சட்டை, மார்பெல்லாம் கல் பதித்தது. அக்கா படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்ன லா இது, நீச்சல் சட்டையா? கீழ ஒண்ணும் கிடையாதா?"

அன்றிலிருந்து எங்கள் கடையில் அதற்கு நீச்சல் சட்டை என்றே பெயர். இழுத்தால் நீளும் துணியை நாங்கள் தைத்ததே இல்லை. முதல் சட்டையைப் போட்டுக்கொண்ட கலினா, தையல் தாங்குகிறதா பார்க்கிறேன் என்று மேசைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு காலைத் தலைக்கு மேல் தூக்கினாள். முதுகுத் தையல் படாரென்று விட்டது. அக்கா சிலுவை போட்டுக்கொண்டார்.

ஆறு சட்டை வேண்டும் என்றாள். எத்தனை பேர் ஆடுவீர்கள் என்று கேட்டேன். ஐந்து பேர். பிறகு ஆறு எதற்கு? அதற்குப் பதிலாகத்தான் அவள் கதையே வந்தது.

சின்ன வயதில் ஆரம்பித்த ஆட்டம். ஊரைவிட்டுப் பயிற்சிக் கூடத்துக்குப் போய், பசித்த வயிறோடு எடைக்கருவியில் ஏறி நின்று, கடைசியில் நாட்டின் குழுவிலும் இடம் கிடைத்துவிட்டது, ஆறாவது ஆளாக. போட்டியில், ஆடும் கம்பளத்தின் மேல் ஐந்து பேர்தான். ஆறாவது ஆள் எல்லாருடைய ஆட்டத்தையும் கற்றுவைத்துக்கொண்டு, அதே சட்டை, அதே கொண்டையோடு ஓரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். யாருக்காவது அடிபட்டால்தான் எழுந்திருக்கலாம். "யாருக்கும் அடிபடவில்லை. நல்ல பெண்கள்" என்று சிரித்தாள். இருபதைக் கொஞ்சம் தாண்டியதும் வயதாகிவிட்டது என்று அனுப்பிவிட்டார்களாம். அந்த வயதில் நான் காஜா எடுக்கவே பழகியிருக்கவில்லை.

இப்போது, ஓய்வுபெற்ற ஆட்டக்காரர்களுக்கான நட்புப் போட்டி ஒன்று சிங்கப்பூரிலேயே நடக்கப்போகிறது. பழைய தோழிகளில் நால்வர் வருகிறார்கள். ஐந்தாமவள் பிள்ளை உண்டாகியிருக்கிறாள். முதல்முறையாகக் கலினா கம்பளத்தில் ஏறப்போகிறாள். அவளுக்கு ரிசர்வ் என்று யாரும் இல்லை. ஆனாலும் ஆறு சட்டை வெட்டுவதுதான் அவர்கள் வழக்கம். ஆறாவதையும் அவள் அளவிலேயே தைத்தோம்.

ஆட்டத்தை எங்களுக்கு விளக்க, மேசையில் ஐந்து நூல்கண்டுகளை வைத்து நகர்த்தினாள். எல்லோரும் ஒரே நேரத்தில் வளையத்தை மேலே வீசுவார்கள். வீசியதும் அதை மறந்துவிட்டு, அடுத்தவளின் வளையம் விழும் இடத்துக்கு ஓட வேண்டும். நானும் ஒரு வளையத்தை வாங்கி வீசிப் பார்த்தேன். கடையின் டியூப்லைட் போனதுதான் மிச்சம்.

போட்டியன்று ஊசிநூல் டப்பாவோடு உடைமாற்றும் அறையில் நின்றேன். தலைவாரிக்கொண்டிருந்த தோழி ஒருத்தி கலினாவின் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஏதோ கத்தினாள். கையிடுக்கு ஓரத்தில், சிவப்புக் கல் இருக்க வேண்டிய இடத்தில், கறுப்பு மணி. அக்காவுக்குத் தெரிந்த பெண் அவள் ஒருத்திதானே, கலினாவின் சட்டையில் மட்டும் வைத்திருக்கிறார். பரதநாட்டிய மேடையில் அதை யார் பார்க்கப்போகிறார்கள்? இங்கேயோ ஐந்து சட்டையும் அச்சாக ஒன்றுபோல் இருக்க வேண்டும், இல்லையென்றால் மதிப்பெண் போய்விடும். பிரித்தால் அந்த இடம் வெறுமையாகத் தெரியும். என் கையில் கல்லும் இல்லை.

"இது எதற்கு?" என்று கேட்டாள் கலினா. பிறர் கண் உன்மேல் படாமல் இருக்க என்றேன், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்.

சிரித்துவிட்டாள். "இத்தனை வருஷமும், ஒருவராவது என்னைப் பார்க்க மாட்டார்களா என்றுதான் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் யாரும் பார்க்கக் கூடாதென்று மணி தைத்திருக்கிறீர்கள்."

சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். "ஆறாவதை எடு. அது எனக்குப் பழக்கம்தான்."

மேலே பார்வையாளர் வரிசைக்குப் போய், ஆட்டம் பார்க்க வந்திருந்த அக்கா பக்கத்தில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னேன். கீழே ஐந்து சிவப்புச் சட்டைகள் கம்பளத்தில் ஏறின. இரண்டரை நிமிட ஆட்டம். ஐந்து வளையங்கள் மேலே போயின. கலினா தன்னுடையதைத் திரும்பியே பார்க்கவில்லை. ஓடினாள், உருண்டாள், எழுந்தபோது தோழியின் வளையம் அவள் கையில் இருந்தது. வேறொருத்தியின் வளையம் கோட்டைத் தாண்டி உருண்டுபோய்விட்டது. பரிசு ஒன்றும் வரவில்லை. கலினா மட்டும், ஆட்டம் முடிந்த பிறகும் கம்பளத்தை விட்டு இறங்க மனமில்லாமல், எல்லாப் பக்கமும் திரும்பித் திரும்பி வணங்கிக்கொண்டிருந்தாள்.

எந்தப் பிள்ளை நன்றாக ஆடினாலும் அக்கா இரண்டு கையையும் கன்னத்தோரம் மடக்கி நெட்டி முறிப்பார். அன்றைக்கும் கை பாதிவரை போயிற்று. கீழே இறக்கிவிட்டார்.

"வேணாம் லா. இன்னைக்கு எல்லாக் கண்ணும் அவ மேலயே படட்டும்."

அந்த மாடியில் இப்போது கைப்பேசி பழுது பார்க்கிறார்கள். மாவு மில் இல்லை, தும்மலும் இல்லை. அக்கா மார்சிலிங்கில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போய், அங்கேயே கண்மூடினார். கலினா ஊருக்குத் திரும்பிவிட்டாள். கொஞ்ச நாள் பண்டிகைக்கு வாழ்த்து அனுப்பினாள், பிறகு அதுவும் நின்றுபோயிற்று. மணி வைத்த சட்டை மட்டும் என் அலமாரியில் கிடக்கிறது, ஒரு நாளும் கம்பளம் ஏறாமல்.

கிளமெண்டியில் அந்தப் பெண்கள் இறங்கினார்கள். ஐந்து பேரும் கைகோத்துக்கொண்டு முன்னால் போக, ஆறாவது பெண் போத்தல்களைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனாள். கதவு மூடும்வரை நான் அவளை மட்டும் பார்த்தேன். நன்றாக, கண் படும்படியே பார்த்தேன்.