கட்டிலுக்கடியில் கிரான்பெரி

காலையில் கண் விழித்துக் கட்டிலை விட்டுக் காலைக் கீழே வைத்தேன். பாதம் மூடிக் குளிர்ந்த தண்ணீர். "ஐயோ!" என்று கத்திக்கொண்டு காலை மேலே இழுத்தேன். என் ரப்பர் செருப்பு ஒன்று குளியலறைப் பக்கமாக மிதந்து போய்க்கொண்டிருந்தது. அதன் பின்னால், சாமிக்குப் பின்னால் சனம் போவதுபோல, சிவப்பாக நாலைந்து கிரான்பெரிப் பழங்கள். குனிந்து பார்த்தால் கட்டிலுக்கடியிலும் கிடந்தன. மேலே ஜன்னல் விளிம்பால் தண்ணீர் சுவரில் வழிந்துகொண்டிருந்தது. கனடாவில் இப்படி வெள்ளம் வரும் என்று எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லை.

வெள்ளமும் இல்லை, ஒன்றும் இல்லை. என் மனுசன் வீட்டின் பின்வளவில் வயல் செய்திருந்தார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. வெக்ஸ்போர்ட்டில் ஒரு வீட்டின் பேஸ்மென்ட்டில் வாடகைக்கு இருந்தோம். மேலே வீட்டுக்கார அண்ணையும் அவருடைய மனைவியும். அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எனக்கு நாலாம் மாதம். முதல் பிள்ளை, கொழும்பில் லொட்ஜில் விசாவுக்குக் காத்திருந்தபோது, இதே நாலாம் மாதத்தில் தங்காமல் போனது. இந்த முறை தும்மினாலும் எனக்குப் பயம். அந்தப் பயத்துக்குள்தான் சலக்கடுப்பும் வந்து சேர்ந்தது. சிறுநீர் போகும்போது நெருப்பாக எரியும். போய்விட்டு வந்து உட்காருமுன் திரும்பவும் ஓட வேண்டும்.

அப்போது என் இங்கிலீஷ் 'யெஸ்', 'நோ', 'தேங்க்யூ'வோடு சரி. பிள்ளைப்பேற்று டொக்டரின் முறை வர நாள் கிடந்ததால் பக்கத்துக் கிளினிக்குக்குப் போனோம். கதைப்பது இவர். வாசலிலேயே காதுக்குள் சொல்லிவிட்டேன்.

"இஞ்சேருங்கோ, சலம் போகேக்க எரியுது எண்டு வடிவாச் சொல்லுங்கோ. பிள்ளைக்கு ஏதும் வந்திடப் போகுது."

"ஓமோம், எனக்குத் தெரியும்."

உள்ளே போய் ஏதோ நீளமாகச் சொன்னார். நெற்றி வியர்த்திருந்தது. டொக்டர் தலையாட்டிக் கேட்டார், என் வயிற்றை அங்கேயும் இங்கேயும் அழுத்திப் பார்த்தார், சுண்ணாம்பு கரைத்ததுபோல் ஒரு வெள்ளை மருந்துக்கு எழுதித் தந்தார். கனடா டொக்டர் தந்தால் சும்மாவா என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன். எரிவு அப்படியே இருந்தது.

இவர் வேலை செய்த பிளாஸ்டிக் ஃபக்டரியில் ஒரு ஜமேக்காப் பெண்மணி. அவர் மத்தியானச் சாப்பாட்டு மேசையில் தன்னுடைய சலக்கடுப்புக் கதையை எல்லாருக்கும் விளக்கமாகச் சொல்லியிருக்கிறார். அதை எனக்குச் சொல்ல இவர் பட்ட பாடு!

"ஆம்பிளையள் இருக்கினம், கையில சாப்பாடு கிடக்குது, அதுக்குள்ள அந்த மனுசி உந்தக் கதை கதைக்குது!"

கதைக்கு வெட்கப்பட்டாலும் அந்தப் பெண்மணி சொன்ன மருந்தை மறக்காமல் கொண்டுவந்து சேர்த்தார். கிரான்பெரி. அன்று முதல் எங்கள் ஃபிரிட்ஜ் முழுக்கச் சிவப்புப் போத்தல். நெல்லிக்காயைக் கடித்துவிட்டு மேலே சீனியைக் கொட்டியதுபோல் ஒரு ருசி. போத்தலில் பாதி சீனித்தண்ணி, பழமாகச் சாப்பிட்டால் நல்லம் என்று பழமும் வாங்கி வந்தார். பச்சைமிளகாயும் உப்பும் வைத்து இடித்துச் சம்பலாக்கிப் புட்டோடு சாப்பிட்டேன். சும்மா சொல்லக்கூடாது, அந்தச் சம்பல் நல்லாத்தான் இருந்தது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணையின் வான் வண்டியில் எல்லாருமாக வடக்கே கிரான்பெரித் தோட்டம் பார்க்கப் போனோம். நான் வாயடைத்துப்போய் நின்றேன். தோட்டம் என்ற இடத்தில் செடியைக் காணோம், கொடியைக் காணோம், ஒரு குளம்தான் கிடந்தது. குளம் முழுக்கப் பழம். தண்ணீரே தெரியாத சிவப்பு. நெஞ்சு வரை ரப்பர் உடுப்புப் போட்ட ஆட்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று பழத்தை ஒதுக்கி ஒதுக்கி ஒரு மூலைக்குக் கொண்டுபோனார்கள். சுற்றிவர வரம்பு. கிளிநொச்சியில் வயல் செய்த மனுசன் சும்மா இருப்பாரா? வரம்பில் குந்தியிருந்து மண்ணைக் கையில் அள்ளிப் பார்த்தார்.

"இஞ்ச பாரும், உது நெல்லு மாதிரித்தான். வரம்பு கட்டித் தண்ணி நிப்பாட்டினாச் சரி."

திரும்பி வரும்போது வண்டிக்குள், தோட்டக்காரரிடம் கேட்டு வாங்கி ஈரச் சாக்கில் சுற்றிய கொடிகள், பழத்தோடு. அண்ணை பின்வளவில் ஒரு மூலையைத் தந்தார். இவர் புல்லை வெட்டி, வரம்பு கட்டி, கொடியை நட்டு, ஹோஸால் தண்ணீர் விட்டு நிறைத்தார். வற்ற வற்ற நிறைத்தார். அந்த வெள்ளிக்கிழமை குழாயைப் பூட்ட மறந்து வேலைக்கு ஓடிவிட்டார். வரம்பு உடைந்து தண்ணீர், நிலமட்டத்துக்குக் கீழே இருந்த எங்கள் ஜன்னலின் குழிக்குள் இறங்கிவிட்டது.

அண்ணை படியில் நின்று தலையில் கை வைத்தார். "உவனுக்கு விசரே? இனி என்ன, மாடு கட்டி உழப்போறானோ?"

பின்னேரம் இவர் முகம் சுருங்கி வந்தார். ஃபக்டரியில் அந்த ஜமேக்காப் பெண்மணி விழுந்து விழுந்து சிரித்தாராம். "பழம் மிதக்கிறதுக்கு, அறுவடை நேரம் மட்டும்தானாம் தண்ணி விடுறவை. எந்த நேரமும் தண்ணி நிண்டா வேர் அழுகிப்போமாம்." ஏச வாயெடுத்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரக் கனநாள் சென்றது.

ஞாயிறு மத்தியானம் இவர் ஓவர்டைம். எனக்குப் பல்லுக் கிட்டும் நடுக்கம். நாரியில், இடுப்புக்குப் பின்னால், குத்து, அடுப்புச் சட்டிபோல் உடம்பு. தண்ணீருக்குள் நின்று வீடு கழுவிய காய்ச்சல் என்று நினைத்தேன். அக்கா நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

"வேற என்ன செய்யுது? மறைக்காமச் சொல்லும்."

சொன்னேன். அடுத்த நிமிடம் காரை எடுத்தார்.

எமர்ஜென்சியில் அக்கா என் வருத்தத்தை நாலு பேர் காதில் விழும்படி இங்கிலீஷில் சொன்னார். எனக்குச் சொல் விளங்காவிட்டாலும் அவருடைய கை காட்டிய இடம் விளங்கியது. வெட்கத்தில் செத்துப்போகலாம் போலிருந்தது. அங்கிருந்த பெண் டொக்டர் முகம்கூடக் கோணவில்லை. சோதித்துவிட்டுச் சொன்னதை அக்கா தமிழில் சொன்னார்: கிருமி கிட்னி வரை ஏறிவிட்டது, பிள்ளைக்கும் ஆபத்து. இவ்வளவு நாளும் ஏன் சொல்லவில்லை?

"சொன்னனாங்கள் அக்கா! டொக்டர் மருந்தும் தந்தவர். கிரான்பெரியும் குடிச்சனான்!"

கிரான்பெரி சிலருக்குத் திரும்பத் திரும்ப வராமல் இருக்க உதவலாமாம். வந்ததை விரட்டாதாம். வந்ததற்கு மருந்துதான் வேணுமாம்.

இவர் ஃபக்டரி உடுப்போடு ஓடிவந்தார். அக்கா விடவில்லை.

"தம்பி, அண்டைக்கு டொக்டரிட்ட நீர் என்ன சொன்னனீர்?"

இவர் நிலத்தைப் பார்த்தார். "வயித்துக்குள்ள எரியுது எண்டு."

"என்ன?"

"பொம்பிளையின்ர அந்த விசயத்தை இன்னொரு ஆம்பிளையிட்ட எப்பிடியக்கா சொல்லுறது? வாயில வரேல்ல."

ஒரு மாதமாக நான் மூக்கைப் பிடித்துக் குடித்தது நெஞ்செரிவு மருந்து. அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தெரிந்துதான் போத்தல் போத்தலாகக் கொண்டுவந்தார், தெரிந்துதான் வரம்பு கட்டினார். ஒரு வார்த்தை சொல்ல வெட்கப்பட்டு ஒரு வயலையே வெட்டியிருக்கிறார், பாவி மனுசன்! எழும்பி ஓர் அறை விடலாம் போலிருந்தது. கையில் ஊசி ஏற்றியிருந்ததால் ஏலவில்லை.

அப்போது தாதி வந்து வயிற்றில் கருவியை வைத்தார். இரைச்சல்தான் கேட்டது. கருவியைத் தள்ளித் தள்ளி வைத்தார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். கொழும்பில் முதல் பிள்ளை போனபோது அந்த டொக்டரும் இப்படித்தான் தள்ளித் தள்ளி வைத்தார். அக்காவின் கையை இறுக்கிப் பிடித்தேன். பிறகு, தையல் மெஷின் ஓடுவதுபோல், டக்கு டக்கு என்று பிள்ளையின் நெஞ்சு கேட்டது. இவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் அவரைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை வேறொரு டொக்டர், ஆண், என்ன செய்கிறது என்று கேட்டார். வழக்கம்போல் இவர் வாயைத் திறந்தார். கையைக் காட்டி நிறுத்தினேன். சலம் போகும்போது எரிவதை, அக்கா சொல்லித்தந்த இங்கிலீஷில் நானே சொன்னேன்.

"பேர்னிங். வென் ஐ பீ."

டொக்டர் தலையாட்டி, மருந்து தொடரட்டும் என்று சைகை காட்டிவிட்டுப் போனார். வானம் இடிந்து விழவில்லை.

இவர் மெல்லக் கிட்ட வந்தார். "கோவமே?"

"டொக்டரிட்ட நான் சொல்லச் சொன்னதை இப்ப சொல்லுங்கோ."

"இப்பவோ? இதிலயோ?"

"இப்ப. இதில."

வாசலைப் பார்த்தார். பக்கத்துக் கட்டிலின் திரையைப் பார்த்தார். பிறகு முணுமுணுத்தார்.

"சலம் போகேக்க எரியுது."

"கேக்கேல்ல," என்றேன்.