நாற்பது அடுப்பும் ஒரு மனுவும்

வீடு வீடாக ஏறி மனுவுக்குக் கையெழுத்து வாங்குகிறவன் முதலில் கற்றுக்கொள்வது, "பக்கத்து வீட்டுல போட்டாச்சுங்க" என்று கூசாமல் பொய் சொல்வதைத்தான். நீங்களும் எப்போதாவது நோட்டும் மைப்பெட்டியுமாகத் தெருவில் இறங்கி, நாய்க்கடிக்குத் தப்பி, "அவுக வீட்ல இல்ல" என்று அவரே உள்ளிருந்து சொல்லக் கேட்டவராக இருந்தால் இந்தப் பொய்யை மன்னிப்பீர்கள். நான் கொடைக்கானல் பஜாரில் மனு எழுதிப் பிழைத்தவன். அறுபதுகளின் நடுவில் அரிசி விலை கண்மண் தெரியாமல் ஏறியபோது, மேல்மலை ஊர்களுக்கு நியாய விலைக் கடை கேட்டு ஒரு குழு கிளம்பியது. எழுதத் தெரிந்தவன் என்று என்னைப் பிடித்துப் போட்டார்கள்.

பேரம் பேசாதவர்கள்

குழு கூடியது காதர் பாயின் மளிகைக் கடைப் பின்கட்டில். அரிசி விற்கிறவரே விலை குறையக் கேட்கும் குழுவில் இருக்கிறாரே என்று பஜாரில் கேலி செய்தார்கள். நானும் ஒருநாள் வாய் தவறிக் கேட்டுவிட்டேன். பாய் கோபிக்கவில்லை. கடை வாசலைப் பார்க்கும்படி கையைக் காட்டினார்.

ஓர் ஆள் வந்தார். அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்தார், விலை கேட்டார். அள்ளியதை ஒரு மணி சிந்தாமல் மூட்டையிலேயே போட்டுவிட்டு நடந்தார். அடுத்து வந்த அம்மாளும் அப்படியே. அரை மணிக்குள் ஏழெட்டுப் பேர். யாரும் முனகக்கூட இல்லை. பஜாரே காது அடைத்ததுபோல் இருந்தது. பாய் மெதுவாகச் சொன்னார்: "பேரம் பேசி என்னையத் திட்டுற வரைக்கும் பயமில்லைங்க. இப்பக் கேட்டுட்டுச் சும்மா போறாங்க பாருங்க, இதுதான் வயித்தக் கலக்குது."

பெருமாள்மலைக் கூட்டம்

பெருமாள்மலை முக்கில் தகரக் குழாயை வாயில் வைத்து நான் பேசிய முதல் கூட்டம் அது. பேச எழுந்ததும் மேகம் இறங்கிவிட்டது. எதிரே யார் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. ஆனால் ஆட்கள் இருந்தார்கள். மூச்சு விடுவது கேட்டது, கால் மாற்றி நிற்பது கேட்டது. இவ்வளவு அமைதியாக என் பேச்சை யாரும் கேட்டதில்லை என்ற பூரிப்பில் அரை மணி நேரம் முழங்கினேன். கைதட்டல்தான் வரவில்லை.

மேகம் விலகியது. எதிரே இருபது பொதிக்குதிரைகள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றன. எல்லாவற்றின் முதுகிலும் வெறும் சாக்கு. தகரக் குழாயை இறக்கினேன். டீக்கடையிலிருந்து வந்த குதிரைக்காரர், கீழே அரிசி கிடைக்காமல் வெறுங்கையோடு கூட்டுப்பாறைக்குத் திரும்புவதாகச் சொன்னார். கூட்டுப்பாறை, மேல்மலையில் பூண்டும் கிழங்கும் போடுகிற நாற்பது வீட்டு ஊர். அப்புறம் ஏன் குதிரைகள் நகரவில்லை என்று கேட்டேன். "சுமை இல்லாம மலை ஏறிப் பழக்கமில்லைங்க அதுகளுக்கு. அதான் அடி எடுத்து வைக்கப் பயப்படுது."

மூடி ஆடும் சத்தம்

அந்தக் குதிரைகளுக்குப் பின்னாலேயே கூட்டுப்பாறைக்குப் போனேன். மத்தியான நேரம். நாற்பது கூரையிலும் புகை. பரவாயில்லை, ஊர் நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு தெருவுக்குள் நுழைந்தேன். ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் உலை மூடி தடதடவென்று ஆடும் சத்தம். பத்து எட்டு நடந்த பிறகுதான் ஏதோ குறைகிறதே என்று உறைத்தது. சோற்று வாசனை இல்லை, குழம்பு வாசனை இல்லை. கூரையில் ஒரு காகம் இல்லை. பரணில் தொங்கிய பூண்டும் புகையும்தான் மணத்தன.

எல்லா வீட்டிலும் மறு பேச்சில்லாமல் கைநாட்டு வைத்தார்கள். எல்லாரும் இப்போதுதான் சாப்பிட்டோம் என்றார்கள். ஆனால் வந்தவனைப் பட்டினியாக அனுப்பாத அந்த ஊரில், அன்று ஒருவர்கூட ஒரு வாய் சாப்பிட்டுப் போகச் சொல்லவில்லை. எனக்கு வருத்தம்தான். கடைசி வீட்டில் பொன்னுத்தாயி என்கிற பெண், இடுப்பில் கைக்குழந்தையோடு அடுப்புக்கும் எனக்கும் நடுவே வந்து நின்றுகொண்டாள். அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று கேட்டேன். "அடுப்புல வச்சா கொதிக்கத்தானங்க செய்யும்."

மேட்டில் நின்ற அதிகாரி

மனு ஒரு மாதத்தில் திரும்பி வந்தது. விசாரிக்கப் போன அதிகாரி ஊருக்குள் கால் வைக்கவே இல்லை. மேட்டில் நின்று பார்த்து, எல்லா வீட்டிலும் உலை வைக்கிறார்கள் என்று எழுதிக் கட்டிவிட்டார். நானும் பாயும் போய்க் கெஞ்சினோம். மழை பிடித்தால் பாதை அடைபடும், தை மாதம்வரை ஒரு மூட்டை ஏறாது என்று பாய் சொன்னார். அதிகாரி இன்னொரு தடவை வந்து பார்க்க ஒப்புக்கொண்டார், அதுவும் எங்கள் தொல்லை தாங்காமல். கெட்டவர் இல்லை, கண்ணால் கண்டதை எழுதினார். அவர் கேட்டதும் நியாயம்தான்: "பட்டினி கெடக்குற ஊர்ல நாப்பது அடுப்பு எதுக்குய்யா எரியுது?"

மூடி திறந்தது

அதே கேள்வியோடு பொன்னுத்தாயி வீட்டுக்குப் போனேன். அவள் மூடியைத் தூக்கினாள். ஆவி முகத்தில் அடித்தது. உள்ளே வெறும் தண்ணீர், அடி தெரிந்தது. கிழங்கு நோய் விழுந்து அழுகிவிட்டதாம், விதைக்கிழங்கையும் தின்றாயிற்றாம், பிள்ளைக்குப் பால் ஊறவில்லையாம். பிறகு எதற்கம்மா இந்தத் தண்ணீரைக் கொதிக்க வைக்கிறாய் என்று கேட்டேன்.

சாவு வீட்டில் அடுப்பு எரியாது. அக்கம்பக்கத்தார்தான் சோறு கொண்டு வருவார்கள். உங்களுக்குத் தெரிந்த வழக்கம்தான். அதிகாரி வரும் அன்று மட்டும் அடுப்பை மூட்டாதே என்றேன். அணைந்த அடுப்பைப் பார்த்துச் சாவு உள்ளே வந்துவிடும் என்று பயந்தாள். நான் என் பழைய பொய்யை எடுத்தேன்: பக்கத்து வீட்டில் ஒத்துக்கொண்டாயிற்று. அதையே நாற்பது வீட்டிலும் சொன்னேன், நாற்பது வீட்டிலும் மூடியைத் திறந்து காட்டினார்கள், நாற்பது வீட்டிலும் வெளியே சொல்லிவிடாதே என்றார்கள். தண்ணீரை எதற்குக் கொதிக்க வைக்கிறோம் என்பதற்குப் பொன்னுத்தாயி சொன்ன காரணத்தைத்தான் எல்லாரும் சொன்னார்கள்: "அடுப்பு எரியலைன்னா பக்கத்து வீட்டுக்காரி சோறு கொண்டாந்துருவாங்க. அவ பிள்ளைக வாயில போறத நாங்க எப்பிடிங்க வாங்குறது?"

காலை பத்து மணி

அன்று மேகம் இல்லை, நல்ல வெயில். நானும் அதிகாரியும் மேடேறினோம், பின்னால் ஒரு கூலியாள் பெட்டி தூக்கி வந்தார். கீழே நாற்பது கூரை. ஒன்றிலும் புகை இல்லை. சொல்லிவைத்தவனே நான்தான், இருந்தும் கூரைகளை ஒரு தடவை எண்ணிப் பார்த்தேன். கூலியாள் பெட்டியை இறக்கிவைத்துவிட்டுத் தலைத்துண்டை அவிழ்த்தார். அதற்குமேல் ஓர் அடி வரமாட்டேன் என்றார்.

தெருவில் எல்லாரும் அவரவர் வாசலில் நின்றார்கள். யாரும் எங்களைப் பார்க்கவில்லை. அடுத்த கூரையைப் பார்த்தார்கள், அதற்கடுத்த கூரையைப் பார்த்தார்கள். அடுப்பு அணைந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து சட்டி வரவேண்டும் அல்லவா? ஒரு வீட்டிலிருந்தும் யாரும் சட்டியோடு வெளியே வரவில்லை. தன் வீட்டில் மட்டும்தான் வெறுந்தண்ணீர் என்று அன்று காலைவரை ஒவ்வொருத்தியும் நினைத்திருந்தாள். எங்கோ ஒரு பெண் ஒப்பாரியை ஆரம்பித்தாள். பிணம் இல்லாத தெருவில் வீட்டுக்கு வீடு அது தொற்றிக்கொண்டு வந்தது. இன்றைக்கும் அந்தச் சத்தம் நினைவுக்கு வந்தால் நான் எழுந்து போய் எங்கள் வீட்டு அடுப்பைப் பார்த்துவிட்டு வருவேன்.

அதிகாரி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பொன்னுத்தாயி வாசலில் போய் நின்று, யார் இறந்தது என்று கேட்டார். அவள் குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு, மரியாதையாகவே பதில் சொன்னாள்: "இன்னும் யாரும் இல்லைங்க. நீங்கதான் வெள்ளனே வந்துட்டீங்க."

மழைக்கு முன்பே கூட்டுப்பாறைக்கு அரிசிக் கடை வந்தது, குதிரைகளும் சுமையோடு ஏறின. ஆயுள் முழுக்க மனு எழுதியே பிழைத்த எனக்குப் பலித்த ஒரே மனுவில் ஓர் எழுத்துகூடக் கிடையாது.